வாய் திறக்காமல் போட்ட ஓட்டு

ஹாஸ்கெட், இல்லினாய்
செப்டம்பர் 9, 2013

அன்புள்ள தம்பி ரோலண்டுக்கு,

உன் கடிதம் வந்தது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குள் ஊர் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே பின்னறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். உன் அத்தான் காலமாகி இத்தனை வருஷமாகியும் அவருடைய தூண்டில்களை அங்கேதான் குவித்து வைத்திருந்தேன். எல்லாம் கார் கொட்டகைக்குப் போயாயிற்று. சுவருக்கு வெளிர்மஞ்சள் அடித்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் நீயே வந்து வேறு நிறம் அடித்துக்கொள்.

போன் வேண்டாம், கடிதம் மட்டும் போதும் என்று நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு சரிதான். போனில் உன் குரலைக் கேட்டால் நான் எதையும் நம்பிவிடுவேன் என்று நீயேதான் சொன்னாய். ஆனால் இன்றைக்கு எழுத வேண்டிய விஷயத்தைப் போனில் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் ஹேலி. உன் மகளைத் தினமும் பார்க்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுவதில் எனக்கிருக்கும் சந்தோஷம் அது ஒன்றுதான். "குட் மார்னிங் அத்தை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்காருகிறாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை இருமுகிறாள். நான் மேலே இருக்கும் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன். நீ சூதில் வீட்டைத் தோற்ற பிறகு, பிள்ளையோடு தனியாக நின்ற கார்லாவுக்குக் கட்டுப்படியாகிற வாடகைக்கு ஊரில் கிடைத்தது க்ளென் ரக்கரின் வீடு ஒன்றுதான். சுவரெல்லாம் பூசணம். நிலவறையில் இருக்கும் ஹீட்டர் நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். என்னோடு வந்து இருங்கள் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். கார்லா வரமாட்டாள். நீ ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பலே கதியென்று கிடந்த நாட்களில் அவள் எனக்குப் போன் செய்து "அவருக்கு ஓவர்டைமா அண்ணி?" என்று கேட்பாள். எனக்குத் தெரியும், ஆனால் பேச்சை மாற்றிவிடுவேன். அதை அவள் மறக்கவில்லை. மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஊர் மன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்து நான் என்னதான் கிழித்தேன் என்று எனக்கே தோன்றியது. ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வாடகைக்கு விடும் வீடுகளை வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும், ஹீட்டர் எரியாத வீட்டுக்கு வாடகை வாங்கக் கூடாது. மேயர் தலையைச் சொறிந்தார். "நல்ல விஷயந்தான் நோரீன். ஆய்வாளருக்குச் சம்பளம் யாரு குடுக்கறது, உன் பஸ்ஸா?" என்றார்.

அந்த நேரத்தில்தான் காலைச் சாப்பாட்டுக் கடை பாட்ஸியின் மனு வந்தது. கடைகளில் சூதாட்ட மிஷின் வைக்கலாம் என்று மாநிலம் சொன்னபோது நம் ஊர் மட்டும் கூடாது என்று தடை போட்டது அல்லவா? அதை எடுக்க வேண்டுமாம். மேயர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். மிஷினில் ஊருக்கு வரும் பங்கிலிருந்து ஆய்வாளருக்குச் சம்பளம். அக்டோபர் பதினைந்தாம் தேதி இரண்டுக்கும் ஓட்டு.

நம் ஊர்ப் பத்திரிகையை நீ தபாலில் வரவழைத்துப் படிக்கிறாய். அதில் பார்த்து நீ தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் நானே எழுதுகிறேன்.

உன் அக்கா,
நோரீன்


கெட்டில் வெல்ஸ், யூட்டா
செப்டம்பர் 17, 2013

அன்புள்ள அக்கா,

வெளிர்மஞ்சள் எனக்குப் பிடிக்கும். மற்றது எதுவும் பிடிக்கவில்லை.

நான் ஏன் இவ்வளவு தூரம் வந்து கிடக்கிறேன் என்று உனக்குத் தெரியும். லாட்டரிச் சீட்டுகூட விற்காத மாநிலம் இது. டயர் கடை முதலாளி மார்மன் சபைக்காரர். அவருக்குக் காபி குடிப்பதே தப்பு. முன்பு சூதாடப் போனதுபோல இப்போது கடைக்குப் பின்பக்கம் ஒளிந்துகொண்டு காபி குடிக்கிறேன். என் நிலைமை இவ்வளவு முன்னேறியிருக்கிறது.

சூதை விட்டவர்கள் வாராவாரம் கூடும் எங்கள் குழுவில் இருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார், "ஊருக்குப் போறேங்கறியே, அங்க போயி எப்படித் தாக்குப்பிடிப்பே?" நான் சொன்னேன், எங்கள் ஊரில் அது கிடையாது, ஊரே தடை போட்டிருக்கிறது என்று. அந்த ஒரு தைரியத்தில்தான் உனக்கு வருகிறேன் என்று எழுதினேன்.

கப்பலைப் பற்றி எனக்குப் பயமில்லை. என்னை உள்ளே விடாதீர்கள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கால் வைத்தால் காவலர்கள் பிடித்துக்கொள்வார்கள். பாட்ஸி கடை வாசலில் எந்தக் காவலர் நிற்கப்போகிறார்? பாட்ஸியே "வாடா ரோலண்ட், உக்காரு, முட்டை போடட்டுமா" என்பாள். முதுகுக்குப் பின்னால் மிஷினின் அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு முட்டை தின்ன என்னால் முடியாது அக்கா. வெட்கமாக இருக்கிறது, ஆனால் முடியாது.

மிஷினுக்கு ஓட்டுப் போடாதே. உன்னிடம் நான் கேட்ட எதற்கும் நீ இல்லை என்று சொன்னதில்லை. இதையும் கேட்கிறேன்.

ஹேலிக்கு எந்த மாதிரி இருமல்? சளி இருமலா, வறட்டு இருமலா? என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாளா? கேட்கவில்லை என்றாலும் எழுது.

ரோலண்ட்


ஹாஸ்கெட்
அக்டோபர் 2, 2013

ரோலண்ட்,

வறட்டு இருமல். உன்னைப் பற்றி அவள் கேட்கவில்லை. எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

நேற்று மன்றத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட வேண்டியதாயிற்று, அவ்வளவு கூட்டம். பாட்ஸி சர்ச்சுக்குப் போகும் உடுப்பில் வந்தாள். "பக்கத்து ஊருல மிஷின் போட்டுட்டாங்க. மொதல்ல எல்லாரும் என் கடையில முட்டை தின்னுட்டு அங்க போனாங்க. இப்ப முட்டையையும் அங்கயே தின்னுக்கறாங்க. நான் யாரையும் சூதாடச் சொல்லலை. கடையை மூடச் சொல்லாதீங்கன்னுதான் கேக்கறேன்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. மதிய நேரத்தில் அந்தக் கடையில் ஈதான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து ரக்கர். அவரும் மன்ற உறுப்பினர்தான், பதினோரு வீடு வாடகைக்கு விட்டிருப்பவரும் அவர்தான். "நான் வாடகைக்கு விடறது வீடு, அரண்மனை இல்ல. ஆய்வாளர் வரட்டும், நான் தடுக்கலை. ஆனா அவருக்கு என் வரிப்பணத்துல சம்பளம் குடுக்காதீங்க. மிஷின் வந்தா ரெண்டாவது தீர்மானத்துக்கும் நான் கை தூக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

பிறகு பின்வரிசையிலிருந்து கார்லா எழுந்தாள். அவள் வந்ததே எனக்குத் தெரியாது. மருத்துவமனைச் சமையலறை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். நேரே ரக்கரைப் பார்த்துப் பேசினாள். "பூசணத்தைப் பத்திச் சொன்னா சன்னலைத் திறந்து வைன்னு சொல்றீங்க. ஜனவரி மாசத்துல சன்னலைத் திறக்கச் சொல்றீங்களே, நீங்க எந்த ஊருல இருக்கீங்க மிஸ்டர் ரக்கர்? என் பொண்ணு கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்கறா."

ஜனங்கள் சிரித்தார்கள். ரக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரரு சொந்த வீட்டைக் காப்பாத்தியிருந்தா நீங்க என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டாமேம்மா" என்றார். கார்லா உட்காரவில்லை. "ஆமா. சூதாட்டத்துக்கு நான் ஒரு வீட்டையே குடுத்தாச்சு. அதுலேருந்து ஒரு ஹீட்டராவது எனக்குத் திரும்பி வரட்டும். எந்தக் காசுல ஆய்வாளரை வெச்சாலும் எனக்குக் கவலை இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போகிறபோது என்னைப் பார்த்தாள். நான் என் முன்னால் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு பேரில் இரண்டு பேர் மிஷினுக்கு எதிர், மூன்று பேர் ஆதரவு. நாலு வேண்டும். மீதி நான்தான். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் உன் மகள். இரண்டு பேரையும் என் மடியில் வைத்துவிட்டு ஊரே வேடிக்கை பார்க்கிறது. நீ பெரிய மனுஷன் ஆகிவிட்டாய் அல்லவா, நீயே சொல், நான் என்ன செய்யட்டும்?

நோரீன்


கெட்டில் வெல்ஸ்
அக்டோபர் 7, 2013

அக்கா,

என்னிடம் கேட்காதே. இதை என்னிடம் கேட்பது அநியாயம்.

ஒரு குழந்தை மூச்சு விடுவதற்கு ஊரில் சூதாட்டம் வர வேண்டும் என்று எந்த மடையன் முடிச்சுப் போட்டான்? தெருவில் விளக்குப் போட, பனி அள்ள, ஜூலை நாலாம் தேதி வாணவேடிக்கை விடக் காசு இருக்கிறது. ஆய்வாளருக்கு மட்டும் என் மாதிரி ஆட்கள் தோற்கும் காசுதான் வேண்டுமா? எழுந்து நின்று இதைக் கேட்டாயா நீ? கேட்டிருக்க மாட்டாய். உனக்குச் சண்டை பிடிக்காது.

நீ ஆமாம் என்று சொன்னால் நான் வரமாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, உள்ளதைத்தான் சொல்கிறேன். அப்புறம் நான் இங்கேயே டயர் மாற்றிக்கொண்டு செத்துப்போவேன். முதலாளி நல்லவர், புதைத்துவிடுவார்.

ரோலண்ட்


கெட்டில் வெல்ஸ்
அக்டோபர் 12, 2013

அன்புள்ள அக்கா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதே வெட்கமாகிவிட்டது. ஆனால் பெட்டிக்குள் கை விட்டு எடுக்க முடியாதே.

கார்லா பேசியதை நீ எழுதியிருந்தாயே, அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் பெண் கோட்டுப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். நான் இங்கே மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு, ஊருக்கு வந்தால் எனக்கு ஆபத்து, ஆகையால் ஊரை அப்படியே வைத்திருங்கள் என்று உனக்கு எழுதுகிறேன். எனக்குச் சூடான அறை, அவளுக்குப் பூசணம். நான் செய்து முடித்த காரியத்தையே மறுபடியும் செய்யச் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறேன்.

ஆமாம் என்று ஓட்டுப் போடு. எழுந்து நின்று சத்தமாகச் சொல். சொல்வதற்கு முன்னால், ஆய்வாளர் தீர்மானத்தை முதலில் எடுங்கள், அது நிறைவேறினால்தான் மிஷினுக்கு என் ஓட்டு என்று கேள். உன் ஓட்டு இல்லாமல் அவர்களுக்கு நாலு கிடையாது. கொடுப்பார்கள்.

நான் வராவிட்டால் பரவாயில்லை. நிஜமாகவே பரவாயில்லை என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும். ஆனாலும் ஆமாம் என்றே சொல்.

கடைப் போனில் உன்னைக் கூப்பிட ஒரு தடவை எண்ணை அழுத்திப் பாதியில் வைத்துவிட்டேன். என் குரலை நம்பி நீ எதையும் செய்யக் கூடாது. எழுத்தில் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமைக்குள் எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

உன் தம்பி,
ரோலண்ட்


ஹாஸ்கெட்
அக்டோபர் 16, 2013

ரோலண்ட்,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓட்டுக்குப் பெயர் கூப்பிடுவது எழுத்து வரிசையில். வோகெல் என்ற பெயருக்கு வாழ்க்கைப்பட்டதால் எப்போதும் நான்தான் கடைசி. முதலில் மிஷின். மூன்று ஆமாம், இரண்டு இல்லை. எழுத்தர் என் பெயரைக் கூப்பிட்டாள். உன் ஏழாம் தேதிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. முன்வரிசையில் கார்லா இருந்தாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தால் உன் முகம், இல்லை என்று சொல்லப் போனால் அந்த இருமல். நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எந்தப் பக்கமும் சொல்லாமல் விட்டால் நாலு சேராது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், அதற்குள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று. "நான் ஓட்டுப் போடலை" என்றேன்.

மேயர் மன்றத்து வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னார். "ஓட்டுப் போடாம இருக்கறவங்க பெரும்பான்மையோட சேந்தவங்கன்னுதான் கணக்கு. இந்த மாநிலத்துல அப்படித்தான். நாலுக்கு ரெண்டு. நிறைவேறிடுச்சு."

இவ்வளவு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. யாரும் வாய் திறக்காமல் இருந்து பார்த்ததில்லை போலிருக்கிறது. பாட்ஸி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என் கடையைக் காப்பாத்திட்டே நோரீன்" என்றாள்.

உடனே இரண்டாவது தீர்மானம். ரக்கர் எழுந்தார். "நான் சொன்ன சொல்லு மாறலை. ஆய்வாளர் வேணுந்தான். ஆனா மிஷினே இன்னும் வரலை, அதுலேருந்து காசு வர ஒரு வருஷமாவது ஆகும். காசு வரட்டும், அப்புறம் ஆளைப் போடுவோம்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. ஒத்திவைக்க நாலு பேர் கை தூக்கினார்கள். இந்தக் குளிர்காலத்துக்கு ஆய்வாளர் இல்லை.

கார்லா கோட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "நீங்க அப்பவும் இப்படித்தான் அண்ணி. பொய் சொல்ல மாட்டீங்க. சும்மா இருப்பீங்க" என்றாள்.

உனக்கும் நல்லது செய்யவில்லை, அவளுக்கும் செய்யவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது, எழுத முடியவில்லை.

நோரீன்


கெட்டில் வெல்ஸ்
அக்டோபர் 23, 2013

அக்கா,

என் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமைதான் கிடைத்திருக்கும். திங்கட்கிழமை கொலம்பஸ் தினம், தபாலுக்கு விடுமுறை என்பது எனக்கு நினைவே இல்லை. இந்தக் கடையில் கொலம்பஸுக்கெல்லாம் லீவு விடுவதில்லை.

அதை விடு. கடிதம் வரவில்லை என்பதற்காக உன்மேல் கோபமில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் கோபமில்லை, இல்லை என்று சொல்லியிருந்தாலும் இல்லை. நீ ஒன்றுமே சொல்லவில்லையே அக்கா. நாலாவது ஓட்டு உன் கையில் இருந்தது. அதற்கு என்ன விலை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

கார்லா சொன்னது சரி. நான் உன் வீட்டுக்கு வந்து கண்ணைப் பார்க்காமல் கடன் கேட்பேன், எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரண்டு பேரும் ஆப்பிள் பணியாரத்தைத் தின்றுகொண்டிருப்போம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "போடா வெளியே" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

தப்பு முழுக்க என்னுடையது. தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேங்க்ஸ்கிவிங்கிற்கு வரமாட்டேன்.

ரோலண்ட்


ஹாஸ்கெட்
நவம்பர் 18, 2013

ரோலண்ட்,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ எழுதியதில் தவறு ஒன்றுமில்லை. அதனால்தான் கோபம் தணியவில்லை.

ஹேலி புதுக் காலணி போட்டிருக்கிறாள். இருமல் அப்படியேதான். பின்னறையைப் பூட்டவில்லை.

நோரீன்


கெட்டில் வெல்ஸ்
டிசம்பர் 27, 2013

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸுக்கு முதலாளி வீட்டில் சாப்பாடு. அவருக்கு ஏழு பிள்ளைகள். கடைக்குட்டி என் மடியில் ஏறி உட்கார்ந்து, "உங்க வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டது. இருக்கிறார்கள் என்றேன். "அப்ப ஏன் இங்க இருக்கீங்க?" எல்லார் தட்டிலும் பன்றித் தொடைக்கறி ஆறிப்போகும்வரை அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் வருகிறேன். மிஷின் இருந்தாலும் சரி. குழுப் பெரியவரிடம் சொன்னேன். அவர், "மிஷின் இல்லாத ஊரைத் தேடிக்கிட்டே இருந்தா நீ சாகறவரைக்கும் நடந்துக்கிட்டே இருக்கணும். போ. ஆனா தனியா நடக்காதே" என்றார். பாட்ஸி கடைப் பக்கம் போகாமல் தானியக் கிடங்கைச் சுற்றிப் போவேன். சம்பளத்தை உன் கையில் கொடுத்துவிடுவேன். அங்கே நடக்கும் அதே மாதிரிக் குழுவின் கூட்டத்துக்குப் பியோரியா வரைக்கும் நீ வாரம் ஒரு தடவை என்னைக் காரில் கொண்டுபோய்விட வேண்டும். திட்டிக்கொண்டே ஓட்டு, பரவாயில்லை.

ரக்கர் வீட்டு ஹீட்டரை நானே பழுது பார்ப்பேன். கார்லா வேலைக்குப் போன நேரத்தில் போய்விட்டு வருகிறேன், அவள் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. ஹேலியோடு பேச வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. உன் பேருந்து போகும்போது நடைபாதையில் நிற்பேன், அவ்வளவுதான்.

ஜனவரி முப்பதாம் தேதிக்கு நெடுந்தூரப் பேருந்தில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்டோபரில் எழுதியதற்கு என்னை மன்னித்துக்கொள். சண்டை போட எனக்கு வேறு யாரும் இல்லை.

உன் தம்பி,
ரோலண்ட்


ஹாஸ்கெட்
ஜனவரி 11, 2014

அன்புள்ள ரோலண்டுக்கு,

ஹேலி பிழைத்துவிட்டாள். அதை முதலில் படித்துவிட்டு மீதியைப் படி.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. அடுத்த நாள் வந்த குளிரை நான் பிறந்து கண்டதில்லை. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பேருந்து ஓடவில்லை, ஆகவே நான் அவளைப் பார்க்கவில்லை. ரக்கர் வீட்டு ஹீட்டர் அன்று காலையிலேயே அணைந்துவிட்டது. கார்லா ரக்கருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் பழுது பார்க்கிறவனைக் கூப்பிட்டிருக்கிறார், அந்தக் குளிரில் அவன் எத்தனை வீட்டுக்குத்தான் போவான்? கார்லா மண்ணெண்ணெய் அடுப்பைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து, சன்னல் இடுக்கிலெல்லாம் துணியை அடைத்து ஏற்றி வைத்திருக்கிறாள். அந்தப் புகையில் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை கார்லா அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் பனியில் நின்றிருக்கிறாள். பியோரியா மருத்துவமனையில் குழாய் வைத்துத்தான் மூச்சு விட்டாள். மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அந்த வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள் என்று.

நேற்று இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கார்லா கதவைத் தட்டிவிட்டு, நான் திறந்ததும், "எனக்காக வரலை" என்றாள். உள்ளே வா என்றேன்.

பின்னறையில் புதுப் படுக்கை விரித்திருந்தது. மேசையில் உன் கடிதம் இருந்தது. "இது யாருக்காக அண்ணி?" என்றாள். விருந்தாளிக்கு என்று சொல்லி மழுப்பியிருக்கலாம், அது எனக்குக் கைவந்த வித்தை. "ரோலண்டுக்கு. மாசக் கடைசியில வர்றான்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அவர் வர்ற அன்னைக்கு நாங்க கிளம்பிடறோம்" என்றாள். எங்கே போவாய் என்று கேட்டேன். "ரக்கர் வீட்டுக்குத்தான். வேற எங்க? அவர் இருக்கற வீட்டுல நான் கண்ணை மூட முடியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து கைப்பையைப் பாத்துக்கிட்டு, மறுபடியும் அப்படி என்னால முடியாது. அவர் திருந்தியிருக்கலாம். எனக்கு இன்னும் பயம் போகலை" என்று கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

பாட்ஸி கடையில் மிஷின்கள் வந்து இறங்கிவிட்டன, அனுமதிக்காகக் காத்திருக்கின்றன. ஆய்வாளர் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கொண்டுவருகிறேன். ரக்கர் என்னைத் தபால் நிலையத்தில் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். என்ன ஆகும் என்று தெரியாது.

ரோலண்ட், நான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். வராதே. என் வீட்டுக்கு வராதே, ஊருக்கும் வராதே. எப்போது வரலாம் என்று எனக்குத் தெரியவில்லை, சும்மா ஒரு தேதி சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். உன்னை நான் வளர்த்தேன். நீ வருகிறாய் என்று ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது என் நெஞ்சு வெடிக்கிறது. ஆனாலும் வராதே.

அக்கா


கெட்டில் வெல்ஸ்
ஜனவரி 18, 2014

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்றபடியே படித்தேன். ஹேலி பிழைத்துவிட்டாள் என்பதை முதல் வரியிலேயே எழுதினாயே, அதற்கு உனக்குக் கோடிப் புண்ணியம்.

வரவில்லை. நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிந்து நீ என்னிடம் நேருக்கு நேராக முடியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அடி வாங்கியதுபோல இருந்தது. ஆனால் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராத்திரி இருமாமல் தூங்குகிறாளா என்று மட்டும் அவ்வப்போது எழுது. நான் கேட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டாம். கார்லாவிடமும் என் பேச்சை எடுக்காதே. அவள் கண்ணை மூடித் தூங்கட்டும்.

முதலாளியிடம் போய், நான் போகவில்லை, வேலை இருக்குமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கைதுடைக்கும் துணியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

இன்று மதியம் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். பணம் திரும்பக் கிடைக்காதாம். கவுன்டரில் இருந்த பெண் நல்லவள், நானாகக் கேட்காமலே சொன்னாள். "இது ஒரு வருஷத்துக்குச் செல்லும் சார். எந்த ஊருக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம். எந்த ஊருன்னு சொல்லுங்க, இப்பவே மாத்தித் தர்றேன்" என்றாள். சுவரில் பெரிய வரைபடம் மாட்டியிருந்தது. பின்னால் வரிசை நீளும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன் அக்கா. எனக்கு வேறு ஊர் எதுவும் தெரியவில்லை.

உன் தம்பி,
ரோலண்ட்